தோற்றவருக்கு முதல் இலை

ஜெயித்தவனுக்கு மாலை போட்டுவிட்டுத் தோற்றவனைத் திரும்பிப் பாராமல் போவதுதான் உலக வழக்கம். பந்தயமானாலும் சரி, பரீட்சையானாலும் சரி, தேர்தலானாலும் சரி, இதில் வித்தியாசம் கிடையாது. ஆனால் தோற்றவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்து, "உமக்கு வேண்டியதை முதலில் எடுத்துக் கொள்ளும், ஜெயித்த பிரபுக்கள் மீதியில் பார்த்துக் கொள்ளட்டும்" என்று உபசரிக்கிற இடம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? அதுவும் எங்கே? பணத்துக்கும் போட்டிக்கும் பேர் போன அமெரிக்காவில்!

அங்கே ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதத்தில் 'டிராஃப்ட்' என்று ஒரு வைபவம் நடக்கிறது. தொழில்முறைக் கால்பந்துக் குழுக்கள் 32-ம் கூடி, காலேஜ் படிப்பு முடித்து வரும் இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கிக் கொள்ளும் வைபவம். சென்ற பருவத்தில் எந்தக் குழு எல்லோரிலும் மோசமாக ஆடியதோ அதற்கு முதல் உரிமை. சாம்பியனுக்குக் கடைசி இடம். இப்படி ஏழு சுற்று, மூன்று நாள்.

அவர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரில்தான் கால், ஆட்டம் பெரும்பாலும் கையில். பக்கத்துக்கு 11 பேர், தலைக்கும் தோளுக்கும் கவசம் மாட்டிக் கொண்டு, இரு முனையும் கூராக இருக்கும் ஒரு பந்தைத் தூக்கிக் கொண்டு ஓடுவார்கள், இல்லாவிட்டால் எறிவார்கள். எதிராளியின் எல்லைக்குள் கொண்டு போய்ச் சேர்த்தால் 'டச்டவுன்', 6 புள்ளி. பந்தை யாருக்குக் கொடுப்பது, எங்கே எறிவது என்று தீர்மானித்து ஆட்டத்தை நடத்துகிறவர் 'குவார்ட்டர்பேக்'. நம் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த முதல் இலை யோசனை யாருக்கு உதித்தது என்று கேட்டால், தோற்றுத் தோற்றுச் சலித்துப் போன ஒரு முதலாளிக்குத்தான். பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவின் சொந்தக்காரர் பெர்ட் பெல். 1935-ல் அவர் குழு 11 ஆட்டம் ஆடி 9-ல் தோற்றது. நல்ல ஆட்டக்காரன் எவனைப் பார்த்தாலும், சிகாகோ, நியூயார்க் போன்ற பெரிய குழுக்கள் பணத்தை வீசி முன்னாலேயே கொண்டு போய்விடும். "பணக்காரக் குழு மேலும் மேலும் ஜெயிக்கும், ஏழைக் குழு மேலும் மேலும் தோற்கும், கடைசியில் பார்க்க ஆள் வரமாட்டார்கள்" என்பது பெல்லின் வாதம். விசேஷம் என்னவென்றால், இதனால் நஷ்டம் அடையப் போகிற சிகாகோக்காரரும் நியூயார்க்காரருங்கூட ஒப்புக் கொண்டார்கள். எதிராளி அடியோடு செத்துப் போனால் யாரோடு ஆடுவது?

1936 பிப்ரவரி 8-ந் தேதி பிலடெல்பியாவில் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. கரும்பலகையில் 90 பெயர்களை எழுதிப் போட்டார்கள். 9 சுற்றில் 81 பேரைப் பொறுக்கினார்கள். கடைசி இடத்துக்காரரான பெல்லுக்கே முதல் உரிமை. அவர் எடுத்தது ஜே பெர்வாங்கர் என்ற சிகாகோ சர்வகலாசாலை வாலிபரை. சிறந்த காலேஜ் ஆட்டக்காரர் என்று 1935-ல் கோப்பை வாங்கியவர் அவர். பிறகு நடந்ததைக் கேளுங்கள். சம்பளம் கட்டுபடியாகாது என்று கண்ட பெல், அந்த உரிமையைச் சிகாகோ பேர்ஸ் குழுவுக்குக் கைமாற்றினார். அங்கேயும் பேரம் படியவில்லை. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் ரப்பர் நுரை விற்கும் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார் பெர்வாங்கர்! அவர் வாங்கிய அந்தப் பெரிய கோப்பையை வெகு காலம் அவருடைய அத்தை வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். (அத்தையோ, சித்தியோ, பெரியம்மாவோ! இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானே.)

முதல் இலையில் உட்கார்ந்த முதல் மனிதருக்குப் பாயசம் கிடைத்த லட்சணம் இது.

இதில் ஆட்டக்காரனுடைய இஷ்டம் என்ன என்று யாராவது கேட்டார்களா? இல்லை. நம் கிரிக்கெட்டில் 2008 முதல் ஏலம் போடுகிறார்கள். அதிலாவது விலை ஏறும். டிராஃப்டில் பொறுக்கியவர் பொறுக்கியவர்தான். பெண்ணைக் கேட்காமலே நிச்சயதார்த்தம் செய்கிற மாதிரி. "மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. 1983-ல் ஜான் எல்வே பால்டிமோர் குழுவுக்குப் போக மறுத்து டென்வருக்குப் போனார். 2004-ல் ஈலை மானிங், "சான் டியகோ வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லியும் அந்தக் குழு அவரையே எடுத்தது. மேடையில் அவர் அந்தச் சட்டையைப் பிடித்துக் கொண்டு நின்ற முகத்தைப் பார்க்க வேண்டுமே! கொஞ்ச நேரத்தில் நியூயார்க்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் எல்லோராலும் எல்வே மாதிரி முரண்டு பிடிக்க முடியுமா? 1968-ல் வாஷிங்டன் குழு எடுத்த யாஸூ ஸ்மித் என்பவர் முதல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு, மேற்கொண்டு ஆட முடியாமல் போனார். 'என் உழைப்பை நான் இஷ்டப்பட்டவருக்கு விற்கவிடாமல் செய்தார்கள்' என்று அவர் வழக்குத் தொடுத்தார். டிராஃப்ட் அப்போது இருந்த முறையில் சட்டவிரோதம் என்று 1976-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அதற்கப்புறம் ஆட்டக்காரர் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து கொண்டுதான் இதை நடத்துகிறார்கள்.

பொறுக்குகிறவர்கள் ரொம்ப சாமர்த்தியசாலிகள் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள். கையின் அளவைக்கூட அளக்கிறார்கள். அளந்து என்ன? 1998-ல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்ட ரயன் லீஃப் என்ற குவார்ட்டர்பேக் நாலைந்து வருஷத்துக்குள் ஆட்டத்தை விட்டே போனார். 2000-ல் ஆறாவது சுற்றில், 198 பேருக்குப் பிறகு, 'போகட்டும், இவனும் இருக்கட்டும்' என்று நியூ இங்கிலாந்து குழு எடுத்த டாம் பிரேடி, ஏழு தடவை 'சூப்பர் பௌல்' என்ற மகா கோப்பையை ஜெயித்தார். கடைசியில் எடுக்கப்படும் ஆளுக்கு 'ஒன்றுக்கும் உதவாத ஐயா' என்கிற அர்த்தத்தில் ஒரு பட்டப் பெயரே உண்டு. 1976 முதல் கலிபோர்னியாவில் அவருக்கு ஒரு வாரம் விருந்து வைத்துக் கேலியாக ஒரு கோப்பையும் கொடுக்கிறார்கள். 2022-ல் அந்தப் பட்டத்தைப் பெற்ற பிராக் பர்டி, 262-வது ஆள், 2024 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோ குழுவைச் சூப்பர் பௌல் ஆட்டம் வரையில் கொண்டு போனார். ஜோசியம் எவ்வளவு பலிக்கிறது பாருங்கள்!

இருந்தாலும் அபிமானி இந்த வைபவத்தை விடமாட்டான். 1980 முதல் டெலிவிஷனில் காட்டுகிறார்கள். ஒருவர் மேடைக்கு வந்து காகிதத்தைப் பார்த்து ஒரு பெயரைப் படிக்கிறார், போகிறார், மறுபடி வருகிறார். இதைப் பார்க்க லட்சக்கணக்கான ஜனங்கள். ஏன் என்பது டெட்ராய்ட் நகரத்து அபிமானியைக் கேட்டால்தான் தெரியும்.

என் மைத்துனன் அந்தப் பக்கத்தில் மோட்டார் என்ஜினீயர். அவன் ஊர்க் குழு டெட்ராய்ட் லயன்ஸ். அவன் புண்ணியத்தில் நானும் அதற்கே அபிமானி. 2008-ல் இந்தக் குழு 16 ஆட்டம் ஆடிப் பதினாறிலும் தோற்றது. 16 ஆட்டப் பருவத்தில் அப்படித் தோற்ற முதல் குழு இதுதான். பரிசாக 2009-ல் முதல் இலை கிடைத்தது. மாத்யூ ஸ்டாஃபோர்ட் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். நல்ல ஆள்தான். 12 பருவம் ஆடினார். பருவ முடிவில் நடக்கும் இறுதிச் சுற்று ஆட்டங்களில் ஒன்றுகூட டெட்ராய்ட்டுக்கு ஜெயித்துக் கொடுக்க முடியவில்லை. 2021-ல் அவரை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பிவிட்டு ஜாரெட் காஃப் என்பவரையும், பின்னால் ஆள் பொறுக்கும் உரிமைகள் சிலவற்றையும் வாங்கினார்கள். போன முதல் பருவத்திலேயே ஸ்டாஃபோர்ட் அங்கே சூப்பர் பௌல் ஜெயித்தார்! டெட்ராய்ட் அபிமானியின் வயிறு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் கதை முடியவில்லை. 2024 ஜனவரி 14-ந் தேதி அதே லாஸ் ஏஞ்சலிஸ் குழு, அதே ஸ்டாஃபோர்டுடன், டெட்ராய்ட்டுக்கு வந்தது. 24-க்கு 23 என்று ஒரே ஒரு புள்ளியில் டெட்ராய்ட் ஜெயித்தது. இறுதிச் சுற்றில் 32 வருஷத்துக்குப் பிறகு முதல் வெற்றி. அந்த ஏப்ரலில் டிராஃப்டும் டெட்ராய்ட்டிலேயே நடந்தது. மூன்று நாளில் 7,75,000 பேருக்கு மேல் கூடினார்களாம். பெயர் வாசிப்பதைக் கேட்க!

அதற்குள் 15 வருஷம் ஓடிவிட்டதே, நடுவில் அந்த அபிமானி என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமைதோறும் தோற்கிற குழுவை எத்தனை நாள் வெறும் கையோடு பார்த்துக் கொண்டிருப்பான்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவரும் ஒரு தோல்விக் குழுவைச் சேர்ந்தவரே. 1962-ல் ஓக்லண்ட் ரைடர்ஸ் குழு 14 ஆட்டத்தில் 13-ல் தோற்றது. அதன் பங்குதாரர்களில் ஒருவர் பில் விங்கன்பாக். குழுவோடு நியூயார்க்குக்குப் போயிருந்த சமயம், ஹோட்டல் அறையில் குழுவின் விளம்பர அதிகாரியும் பத்திரிகை நிருபர் ஒருவரும் அவருமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டை யோசித்தார்கள். நிஜ ஆட்டக்காரர்களை வைத்துப் பொய்க் குழு. இன்று கோடிக்கணக்கான பேர் ஆடும் 'ஃபாண்டஸி ஃபுட்பால்' அப்படித்தான் பிறந்தது. மறு வருஷம் 1963 ஆகஸ்டில் ஓக்லண்டில் விங்கன்பாக் வீட்டில் எட்டுக் குழுக்கள் சேர்ந்து முதல் டிராஃப்ட் நடத்தின. சங்கத்துக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'ஓக்லண்ட் பெருநகரத் தொழில்முறைப் பன்றித்தோல் ஜோசியர் சங்கம்' என்று வரும். (பன்றித்தோல் என்பது அந்த ஊரில் பந்துக்குச் செல்லப் பெயர்.) முதலில் எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா என்ற குவார்ட்டர்பேக். 1969-ல் அந்த ஊர் மதுக்கடை ஒன்றில் வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான், பற்றிக் கொண்டது.

ஆடும் விதம் சுலபம். பத்துப் பேர் சேருகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பருவம் தொடங்குமுன் ஒரு நாள் கூடி, ஒவ்வொருவரும் முறை வைத்து ஆட்டக்காரர்களைப் பொறுக்க வேண்டியது. ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்கக் கூடாது. முதல் சுற்று ஒன்றிலிருந்து பத்துக்குப் போனால், அடுத்த சுற்று பத்திலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். பாம்பு வளைகிற மாதிரி. பிறகு நிஜ ஆட்டத்தில் உங்கள் ஆள் 10 கஜம் ஓடினால் உங்களுக்கு ஒரு புள்ளி, டச்டவுன் போட்டால் 6 என்று கணக்கு. அவருடைய குழு ஜெயித்ததா தோற்றதா என்பது உங்களுக்கு அவசியமே இல்லை. வாரா வாரம் உங்கள் பத்துப் பேருக்குள் ஜோடி போட்டு மோத வேண்டியது.

எங்கள் லீக்கிலும் பத்துப் பேர்தான். ஏழு பேர் மிச்சிகனில். மூன்று பேர் இங்கே. பணம் வைத்து ஆடுவதில்லை. அமெரிக்காவில் 2006-ல் வந்த சட்டம் இந்த ஆட்டத்தைச் சூதாட்டக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. அதன் பிறகு தினசரிப் பந்தயம், லட்சக்கணக்கில் பரிசு என்று கம்பெனிகள் கிளம்பின. நம் நாட்டிலும் கிரிக்கெட்டை வைத்து அதே கூத்து நடந்து, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையெல்லாம் பார்லிமெண்ட் சட்டம் போட்டுத் தடுத்தது. தடுத்தது நல்லதே என்பேன். எங்களுக்குப் பரிசு ஓர் எவர்சில்வர் கூஜா. ஜெயித்தவர் பெயரை வருஷத்தோடு அதில் வெட்டித் தருவோம். கடைசி இடத்துக்காரர் பொங்கல் சமயத்தில் மற்றவர்களுக்குப் பாயசத்தோடு சாப்பாடு போட வேண்டும். விங்கன்பாக் காலத்தில் தோற்றவருக்கு மரத்தில் செதுக்கிய அசட்டு முகம் ஒன்றைக் கொடுத்து, வீட்டுக் கூடத்தில் வைக்கச் சொல்வார்களாம். பாயசம் எவ்வளவோ தேவலை.

இந்த ஆட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. 2012-ல் டெட்ராய்ட்டில் கால்வின் ஜான்சன் என்பவர், எறியும் பந்தைப் பிடித்தே ஒரே பருவத்தில் 1,964 கஜம் சேர்த்தார். அதற்கு முன் யாரும் அவ்வளவு சேர்த்ததில்லை. குழுவோ 16 ஆட்டத்தில் 12-ல் தோற்றது. நகரமே தலையில் கை வைத்துக் கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில், ஜான்சனைத் தன் பொய்க் குழுவில் வைத்திருந்தவன் மட்டும் உள்ளூரக் குதூகலமாக இருந்தான். அவனுக்கும் ஒரு குறை உண்டு: இத்தனை கஜத்துக்கு டச்டவுன் ஐந்தே ஐந்துதானா என்று!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அமெரிக்காவில் மத்தியான ஆட்டம் தொடங்கும்போது நமக்குப் பத்தரை மணி. டெட்ராய்ட் எல்லைக்கு இரண்டு கஜத்தில் எதிராளியின் ஓட்டக்காரன் பந்தோடு நிற்கிறான். அவன் டெட்ராய்ட்டுக்கு எமன். ஆனால் என் பொய்க் குழுவுக்குச் சேனாபதி. தூக்கம் கலைந்து வந்த என் சம்சாரம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்போது யார் ஜெயிக்க வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. "உங்களுக்கே தெரியவில்லையாக்கும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஓடுகிறவன், எறிகிறவன், பிடிக்கிறவன், உதைக்கிறவன் எல்லோருக்கும் புள்ளி உண்டு. தடுக்கிறவனுக்குத் தனியாகப் புள்ளி கிடையாது, பெரும்பாலான லீக்குகளில். தடுப்பு வரிசை முழுவதையும் ஒரு மூட்டையாகக் கட்டி ஒரே பெயராக எடுத்துக் கொள்வோம். ஆகையால் ஆட்டத்தில் பாதிப் பேரின் பெயரே எங்கள் வாயில் வருவதில்லை.

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை இரவு. நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை, காபி நேரம். சின்சினாட்டியில் பஃபலோ குழுவும் சின்சினாட்டி குழுவும் மோதின. அநேக லீக்குகளுக்கு அதுதான் இறுதி வாரம், எங்களுக்கும் அப்படியே. இரு பக்கத்திலும் கற்பனை லீக்காரர்கள் கண்ணில் ஒற்றிக் கொள்ளும் பெயர்கள். சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ, 2020 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அவர் என் மைத்துனன் கையில். பஃபலோவின் ஜாஷ் ஆலன், ஆன் ஆர்பரிலிருந்து ஆடும் ஓர் அம்மாள் கையில். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்குந்தான் கூஜாவுக்கான போட்டி. மைத்துனன் 11 புள்ளி முன்னால் இருந்தான்.

முதல் கால் பகுதி. 7-க்கு 3 என்று சின்சினாட்டி முன்னணியில் இருந்தது. டீ ஹிகின்ஸ் என்பவர் பந்தைப் பிடித்து 13 கஜம் போனார். பஃபலோவின் தடுப்பாளர் ஒருவர் மார்பில் இடி வாங்கி அவரைக் கீழே தள்ளினார். தள்ளியவர் எழுந்தார், இரண்டடி வைத்தார், மரம் போல மல்லாந்து விழுந்தார். டாமர் ஹாம்லின், வயது 24. 2021 டிராஃப்டில் ஆறாவது சுற்று, 212-வது ஆள். இருதயம் நின்று போயிருந்தது. மைதானத்திலேயே பல நிமிஷம் மார்பை அழுத்தி உயிர்ப்பித்தார்கள். பார்க்கிறவர் கண்ணில் படாதபடி சக ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று மறைத்துக் கொண்டு, மண்டியிட்டு அழுதார்கள்.

அந்தக் கணத்தில் கம்ப்யூட்டரில் எங்கள் லீக்கின் பக்கம் திறந்திருந்தது. ஹிகின்ஸ் பிடித்த 13 கஜம் அதற்குள் அதில் ஏறிவிட்டது. ஹாம்லினின் பெயர் எங்கே இருக்கிறதென்று தேடினேன். எங்கள் பத்துப் பேரின் பட்டியலில் எதிலும் இல்லை, இருக்கவும் வழியில்லை.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு ரத்தே செய்துவிட்டார்கள். ஹாம்லின் ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுப்பதற்காக 2,500 டாலர் சேர்க்க வேண்டுமென்று முன்பு ஒரு நிதி தொடங்கியிருந்தார். அன்று ராத்திரி தொடங்கி ஜனங்கள் அதில் போட்ட பணம் சில நாளில் 80 லட்சம் டாலரைத் தாண்டியது. கற்பனை லீக்காரர்கள் பலர் தங்கள் பரிசுப் பணத்தை அதில் போட்டார்கள். மூன்றாம் நாள் ஹாம்லினுக்கு நினைவு திரும்பியது. பேச முடியவில்லை, தொண்டையில் குழாய். காகிதத்தில் எழுதிக் கேட்டாராம், 'நாம் ஜெயித்தோமா?' என்று. ஜெயித்தது நீதான் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அவர் அதே வருஷத்தில் மறுபடி களத்தில் இறங்கி ஆடவும் ஆடினார்.

எங்கள் லீக்கில் முதலில் எழுதியது அந்த நர்ஸ் அம்மாள்தான்: "மார்பை அழுத்துவது எதற்கென்று எனக்குத் தெரியும். கணக்கை நிறுத்துங்கள்." ஐந்து நிமிஷத்தில் மைத்துனன் எனக்குப் போன் செய்தான். "அத்தான், பக்கத்தை மூடிவிட்டேன்" என்றான். ஆலன் மேற்கொண்டு ஆடியிருந்தால் அந்த 11 புள்ளியை எட்டியிருப்பாரா என்று எங்களில் எவரும் இன்றுவரையில் விவாதித்ததில்லை. பொங்கல் சாப்பாடு வழக்கம் போல நடந்தது. கூஜாவில் அந்த வருஷத்துக்கு நேராக இரண்டு பேர் பெயர் வெட்டியிருக்கிறது. இடம் போதாமல் நர்ஸ் அம்மாளின் பெயரில் கடைசி எழுத்துக் கொஞ்சம் வளைந்துவிட்டது.